வெள்ளை உருண்டையும் தாம்பரம் காற்றும்: நுரையீரல் மருத்துவ வரலாறு தரும் ஒரு பாடம்



நுரையீரல் நோய்ப் பிரிவில் மருத்துவரின் அறையை விட்டு வெளியேறும் வேளையில், கதவருகே நின்று உறவினர் ஒருவர் தயங்கியபடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “டாக்டர், இந்த மாத்திரையெல்லாம் ரொம்பச் சூடு என்கிறார்கள். ஹோமியோபதியில் பக்கவிளைவே கிடையாதாமே, அப்பாவுக்கு அதைக் கொடுத்துப் பார்க்கலாமா?” கேட்பவர் அறியாமையால் கேட்கவில்லை; அன்பினால் கேட்கிறார். காசநோய்க்கு மருந்து உண்ணும் தந்தை வாந்தியெடுப்பதைப் பார்த்த மகளும், ஆண்டுக்கணக்கில் இன்ஹேலர் பிடிக்கும் குழந்தையைக் கண்டு கலங்கும் தாயும் இக்கேள்வியைக் கேட்பது இயல்பே.

இதற்கு ‘வேண்டாம்’ என்ற ஒரு சொல்லில் விடையளித்துவிடலாம். ஆனால் காரணம் சொல்லாத விடை வீடு வரை செல்வதில்லை. ஆதலின் இவ்விதழில், நுரையீரல் நோய்களுக்கு ஹோமியோபதி முறையில் சென்ற இருநூறு ஆண்டுகளில் எவ்வாறு சிகிச்சை அளிக்கப்பட்டது, அதன்மீது மக்களுக்கு நம்பிக்கை பிறந்தது ஏன், பின்னர் நிலைமை எவ்வாறு மாறியது என்பவற்றை வரலாற்றின் வழியே காண்போம். இவ்வரலாற்றின் முதன்மையான இரண்டு பக்கங்கள் நம் பகுதியில், தாம்பரத்திலும் சேத்துப்பட்டிலும், எழுதப்பட்டவை என்பதையும் அறிவோம்.

1. ஹோமியோபதி தோன்றிய காலம்

ஹோமியோபதியை வகுத்தவர் சாமுவேல் ஹானிமன் என்னும் ஜெர்மானிய மருத்துவர். 1755இல் பிறந்து 1843இல் மறைந்தவர். அவர் வாழ்ந்த காலத்தின் மருத்துவத்தை அறிந்தால்தான் அவருடைய முறை ஏன் வரவேற்கப்பட்டது என்பது விளங்கும்.

அக்காலத்து ஐரோப்பாவில் ஒருவருக்கு நிமோனியா காய்ச்சல் கண்டால், மருத்துவர் முதலில் செய்வது கைநரம்பைக் கீறிக் குருதியை வடிப்பது. ஒரு முறை அன்று. காய்ச்சல் தணியும் வரை பல முறை. அத்துடன் ஆன்டிமனி என்னும் உலோகத்தின் உப்பைக் கொடுத்து வாந்தியெடுக்கச் செய்வர். பாதரசம் கலந்த மருந்தால் பேதியாகச் செய்வர். மூச்சுக்குத் திணறும் நோயாளியின் உடலில் எஞ்சியிருந்த வலுவையும் இவை உறிஞ்சின.

இத்தகைய கடுமையான சிகிச்சைகளை ஹானிமன் எதிர்த்தார். நலமாக உள்ளவரிடம் எந்த அறிகுறியை ஒரு பொருள் உண்டாக்குகிறதோ, அதே அறிகுறி உடைய நோயை அப்பொருளே மிக நுண்ணிய அளவில் தீர்க்கும் என்பது அவர் கொள்கை. 1810இல் வெளியான ‘ஆர்கனான்’ என்னும் நூலில் அதை விரித்துரைத்தார். ‘ஒத்தது ஒத்ததைத் தீர்க்கும்’ என்பது அதன் சாரம்.

இம்முறையில் நுரையீரல் நோய்களுக்குப் பல மருந்துகள் குறிக்கப்பட்டன. கக்குவான் இருமலுக்கு டிரோசெரா என்னும் பூச்சியுண்ணும் செடி. அசைந்தால் குத்தும் நெஞ்சுவலிக்குப் பிரையோனியா. சளி நெஞ்சில் கடகடவென்று ஒலிக்கும் நிலைக்கு ஆன்டிமோனியம் டார்ட்டாரிகம். இரத்தம் கலந்த சளிக்கு பாஸ்பரஸ். நோயின் பெயரைவிட நோயாளி சொல்லும் அறிகுறிகளுக்கே முதலிடம் தரப்பட்டது. மருத்துவர் நெடுநேரம் அமர்ந்து, உறக்கம், கனவு, தாகம், மனநிலை வரை பொறுமையாகக் கேட்டார். நோயாளிக்கு அதுவே பெரிய ஆறுதலாக இருந்தது.

மருந்தின் அளவைப் பற்றியும் ஒரு சொல். மூலப்பொருளின் ஒரு துளியை 99 துளிச் சாராயத்திலோ நீரிலோ கலந்து குலுக்கினால் அது முதற்படி. அதிலிருந்து ஒரு துளியை எடுத்து மீண்டும் 99 துளியில் கலந்தால் இரண்டாம் படி. இவ்வாறு 30 முறை செய்வது பரவலான வழக்கம். பன்னிரண்டாம் படியைத் தாண்டும்போதே, மூலப்பொருளின் ஒரு மூலக்கூறாவது எஞ்சியிருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ இல்லாமற் போகிறது. முப்பதாம் படியில் மூலப்பொருள், ஒன்றுக்குப் பின் 60 சுழியங்கள் இட்டால் வரும் எண்ணில் ஒரு பங்காகிறது. அதாவது, சர்க்கரை உருண்டையில் சேர்வது பெரும்பாலும் வெறும் நீரோ சாராயமோதான்.

2. வியன்னா நகரம் கற்பித்த பாடம்

1830களில் ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவின் கும்பெண்டோர்ஃப் பகுதியில், கன்னியர் நடத்திய மருத்துவமனை ஒன்றில் பிளைஷ்மன் என்னும் மருத்துவர் நிமோனியா நோயாளிகளுக்கு ஹோமியோபதி மருந்து மட்டுமே கொடுத்து வந்தார். குருதி வடித்தல் அங்கே இல்லை. அவருடைய மருத்துவமனையில் இறந்தோர் தொகை, மற்ற மருத்துவமனைகளைக் காட்டிலும் குறைவாக இருந்தது. இச்செய்தி ஐரோப்பா எங்கும் பரவியது. ஹோமியோபதி வென்றுவிட்டது என்றே பலர் கருதினர்.

அதே நகரின் மற்றொரு மருத்துவமனையில் பணியாற்றிய ஜோசப் டீட்டல் என்பவர் இதை எண்ணிப் பார்த்தார். 380 நிமோனியா நோயாளிகளின் நிலையை மூன்று பிரிவாக ஒப்பிட்டு, 1849இல் வெளியிட்டார். குருதி வடிக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 20 பேர் இறந்தனர். ஆன்டிமனி உப்பு கொடுக்கப்பட்டவர்களிலும் ஏறத்தாழ 20 பேர் இறந்தனர். மூன்றாம் பிரிவினருக்கு எந்த மருந்தும் இல்லை. ஓய்வும் எளிய உணவும் மட்டுமே. அவர்களில் இறந்தோர் நூற்றுக்கு ஏறத்தாழ 7 பேர்.

வாசகர்கள் இவ்விடத்தில் சற்று நின்று சிந்திக்க வேண்டுகிறோம். நோயாளிகளைப் பிரித்த விதத்தில், இன்றைய அளவுகோலால் நோக்கினால், குறைகள் உண்டு. ஆயினும் செய்தி தெளிவானது. எதுவும் செய்யாமல் இருந்ததே அன்றைய சிகிச்சையைவிட நல்ல பலன் தந்தது. ஹோமியோபதி மருந்து உண்டவர்கள் பிழைத்தது உருண்டையின் ஆற்றலால் அன்று. அவர்களுடைய குருதி வடிக்கப்படவில்லை என்பதனால். இங்கே குறிப்பிடத்தக்க செய்தி ஒன்று: டீட்டலின் இரண்டாம் பிரிவினருக்குக் கொடுக்கப்பட்ட ஆன்டிமனி உப்பும், ஹோமியோபதியின் ஆன்டிமோனியம் டார்ட்டாரிகமும் ஒரே பொருள். ஒரு மருத்துவமனையில் அது நஞ்சாகும் அளவில் இருந்தது. மற்றொன்றில் இருந்தும் இல்லாதது போல் இருந்தது.

இங்கிலாந்தில் ஜான் ஃபோர்ப்ஸ் என்னும் மருத்துவரும் 1846இல் இதே முடிவுக்கு வந்திருந்தார். நெஞ்சொலி கேட்கும் ஸ்டெதாஸ்கோப்பை ஆங்கில மருத்துவர்களுக்கு அறிமுகப்படுத்தியவர்களில் முதன்மையானவர் அவர். பிளைஷ்மனின் கணக்குகளை ஆராய்ந்த அவர், நோயைத் தீர்த்தது இயற்கையே என்றும், நாம் பெருமையாகக் கருதும் நம் மருந்துகளால் பயன் உண்டா என்று நாமும் வெட்கமின்றி ஆராய வேண்டும் என்றும் எழுதினார். தம் துறையினரின் கோபத்துக்கும் அவர் ஆளானார்.

ஆகவே, ‘எங்கள் தாத்தா காலத்தில் ஹோமியோபதியால் குணமானார்கள்’ என்று நீங்கள் கேள்விப்பட்டது பொய்யன்று. எதனோடு ஒப்பிட்டு அப்படிச் சொல்லப்பட்டது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

3. காசநோயும் 1890ஆம் ஆண்டும்

நிமோனியா சில நாட்களில் முடிவு தெரியும் நோய். காசநோயோ ஆண்டுக்கணக்கில் உருக்குவது. ‘எலும்புருக்கி’ என்று நம் முன்னோர் இட்ட பெயர் அதைச் சொல்லும். 1882இல் ராபர்ட் காக் என்னும் ஜெர்மானிய அறிஞர் இந்நோயின் கிருமியைக் கண்டறிந்தார்.

1890ஆம் ஆண்டில் இரண்டு நம்பிக்கைகள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் எழுந்தன. லண்டனில் காம்ப்டன் பர்னெட் என்னும் ஹோமியோபதி மருத்துவர், காசநோயுற்ற நுரையீரலின் திசுவிலிருந்தே எடுத்து நீர்த்துப்போகச் செய்த ‘பாசிலினம்’ என்னும் மருந்தால் ஐந்தாண்டுகளாகப் பலரைக் குணப்படுத்தியதாக நூல் எழுதினார். அதே ஆண்டில் ராபர்ட் காக், கிருமியின் சாற்றிலிருந்து எடுத்த ‘டியூபர்குலின்’ காசநோயைத் தீர்க்கும் என்று அறிவித்தார். நோயாளிகள் பெர்லின் நகரில் குவிந்தனர்.

இரண்டும் காசநோயைத் தீர்க்கவில்லை. ஆனால் இரண்டின் பிற்கால வரலாறு வேறுபட்டது. டியூபர்குலின் செலுத்தப்பட்டவர்களின் நிலை எண்ணிப் பார்க்கப்பட்டது. அது மருந்தன்று என்பது சில மாதங்களிலேயே தெரிந்தது. காக்கின் பெரும்புகழும் அதைக் காப்பாற்றவில்லை. பின்னர் அதே பொருள் தோலில் செலுத்திப் பார்க்கும் சோதனையாக மாறியது. இன்று உங்கள் குழந்தையின் முன்கையில் ஊசி போட்டு இரண்டு மூன்று நாள் கழித்துத் தடிப்பை அளக்கிறார்களே, அந்த ‘மான்டூ’ சோதனை அதன் வழிவந்ததே. பாசிலினமோ அவ்வாறு ஒப்பிட்டு அளக்கப்படாமலே நூல்களில் நிலைத்துவிட்டது.

‘அப்படியானால் பர்னெட் சொன்ன குணமடைந்தவர்கள் யார்?’ என்று கேட்கலாம். மருந்தே இல்லாத காலத்தில், சளியில் கிருமி காணப்பட்ட காசநோயாளிகளில் ஏறத்தாழ 70 சதவீதத்தினர் பத்தாண்டுக்குள் இறந்தனர். மற்றவர்கள் தம் உடலின் எதிர்ப்பாற்றலால் தப்பினர். தப்பிய ஒவ்வொருவரும் தாம் கடைசியாக உண்ட மருந்துக்கே நன்றி சொன்னார். இறந்தவர்களால் எதையும் சொல்ல இயலவில்லை. தனிமனிதர் சான்று எவ்வளவு உண்மையானதாயினும் அது மட்டும் போதாது என்பதற்குக் காரணம் இதுவே.

4. இந்தியாவில் ஹோமியோபதி

இந்தியாவில் இம்முறை வேரூன்றியது வங்காளத்தில். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் எம்.டி. பட்டம் பெற்ற மகேந்திரலால் சர்க்கார் 1867இல் ஹோமியோபதியை வெளிப்படையாக ஏற்றார். அறிவியலில் பெரும்பற்றுக் கொண்ட அவர் 1876இல் கல்கத்தாவில் நிறுவிய அறிவியல் கழகத்தில்தான், பின்னாளில் நம் சர் சி.வி. இராமன் ஒளியை ஆராய்ந்து நோபல் பரிசு பெற்றார். தெற்கே மங்களூரில், அகஸ்டஸ் முல்லர் என்னும் ஜெர்மானிய இயேசு சபைப் பாதிரியார் 1880இல் ஏழைகளுக்கு ஹோமியோபதி மருந்தகம் தொடங்கினார். இன்று அது பெரிய மருத்துவமனையாகவும் நவீன மருத்துவக் கல்லூரியாகவும் வளர்ந்துள்ளது. தமிழ்நாட்டில் மதுரை மாவட்டத் திருமங்கலத்தில் அரசு ஹோமியோபதி மருத்துவக் கல்லூரி இயங்கி வருகிறது. 1973இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் இம்முறை ஒழுங்குபடுத்தப்பட்டது.

மருத்துவர் அரிதாகவும் மருந்து விலை உயர்ந்ததாகவும் இருந்த காலத்தில், காலணாவுக்குக் கிடைத்த இனிப்பு உருண்டையும் அன்பான பேச்சும் ஏழைக் குடும்பங்களுக்குத் துணையாக நின்றன. அந்நன்றியை யாரும் பழிக்க வேண்டியதில்லை. நாம் கேட்க வேண்டியது ஒன்றே: இன்றைய நுரையீரல் நோய்க்கு அது போதுமா?

5. தாம்பரம் காற்று

ஹோமியோபதி மட்டுமன்று, அன்றைய நவீன மருத்துவமும் காசநோய்க்கு முன் வெறுங்கையோடுதான் நின்றது. அதனிடம் இருந்தவை நல்ல காற்று, ஓய்வு, சத்துணவு ஆகியவையே. அவற்றை முறையாக வழங்கும் இடம் ‘சானடோரியம்’ எனப்பட்டது.

டேவிட் சௌரிமுத்து என்னும் தமிழ் மருத்துவர் இங்கிலாந்தின் மெண்டிப் மலையில் அத்தகைய சானடோரியம் ஒன்றை நடத்தி வந்தார். 1917இல் கணிதமேதை சீனிவாச இராமானுஜன் அங்கே நோயாளியாகத் தங்கினார். அவருக்குக் கண்டது காசநோய் என்றே அன்று கருதப்பட்டது. தாயகம் திரும்பிய இராமானுஜன் 1920 ஏப்ரல் 26ஆம் நாள் சென்னைச் சேத்துப்பட்டில் 32 வயதில் மறைந்தார். சௌரிமுத்து பின்னர் சென்னைக்கு வந்து, 1928இல் தாம்பரத்தை அடுத்த திறந்தவெளியில் ஒரு சானடோரியத்தைத் தொடங்கினார். 1937இல் அரசு அதனை ஏற்றது. பெரும்பாக்கத்திலிருந்து மேடவாக்கம் வழியாகத் தாம்பரம் செல்வோர் அறிந்த ‘தாம்பரம் சானடோரியம்’ என்னும் இரயில் நிலையப் பெயர் அதிலிருந்து வந்ததே. அம்மருத்துவமனை இன்றும் அரசு நெஞ்சக மருத்துவமனையாகப் பணியாற்றுகிறது.

தாம்பரம் காற்று எத்தனையோ பேருக்கு ஆறுதல் அளித்தது. ஆனால் காற்றும் ஓய்வும் காசநோயைத் தீர்த்தனவா? இக்கேள்வியையும் ஒருநாள் நேர்மையாகக் கேட்க வேண்டி வந்தது.

6. சேத்துப்பட்டு தந்த விடை

1940களில் ஸ்ட்ரெப்டோமைசின் என்னும் மருந்து வந்தது. அதன் பயனை அறிய இங்கிலாந்தில் 107 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரித்தனர். 55 பேருக்கு ஓய்வுடன் மருந்து. 52 பேருக்கு ஓய்வு மட்டும். ஆறு மாதங்களில் முதற்பிரிவில் 4 பேரும், இரண்டாம் பிரிவில் 14 பேரும் இறந்தனர். 1948இல் இம்முடிவு வெளியானது. காசநோயை எதிர்க்கும் மருந்து ஒன்று முதன்முறையாக ஐயமறத் தெளிவாயிற்று.

ஆயினும் மகிழ்ச்சி நீடிக்கவில்லை. ஒரே மருந்தைத் தனியே கொடுத்ததால் கிருமிகள் அதை எதிர்த்து நிற்கக் கற்றன. ஐந்தாண்டு முடிவில் இரு பிரிவிலும் இறந்தோர் தொகை ஏறக்குறைய ஒன்றாகிவிட்டது. காசநோய்க்கு ஏன் ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகளைச் சேர்த்து உண்ண வேண்டும் என்று கேட்பவர்களுக்கு விடை இதுவே. ஒரு மருந்துக்குத் தப்பும் கிருமியை மற்றொரு மருந்து அழிக்கிறது.

அடுத்த கேள்வி, ஏழை நாடுகளின் கேள்வி. சானடோரியப் படுக்கைகள் சில ஆயிரம், நோயாளிகளோ இலட்சக்கணக்கில். வீட்டிலிருந்தபடியே மருந்து உண்டால் போதுமா? இதை ஆராய 1956இல் சென்னைச் சேத்துப்பட்டில் காசநோய் மருந்தாய்வு மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் இணைந்து அதை அமைத்தன.

சென்னை நகரின் ஏழை நோயாளிகள் 193 பேர் குலுக்கல் முறையில் இரு பிரிவாயினர். ஒரு பிரிவினர் சானடோரியத்தில் நல்ல காற்றும் ஓய்வும் சத்துணவும் பெற்றனர். மற்றவர்கள் தம் நெரிசலான வீடுகளில், கிடைத்த உணவை உண்டு வாழ்ந்தனர். இரு பிரிவினருக்கும் ஓராண்டு ஒரே மருந்துகள் வழங்கப்பட்டன. 1959இல் முடிவு வெளியானது. ஓராண்டு முடிவில் சானடோரியத்தில் 92 சதவீதத்தினரும், வீட்டில் 86 சதவீதத்தினரும் நோய் அடங்கிய நிலையில் இருந்தனர். வீட்டிலிருந்தவர்களின் குடும்பத்தினருக்கு நோய் கூடுதலாகப் பரவியதாகவும் தெரியவில்லை. நோயைத் தீர்த்தது மருந்தே என்பது தெளிவாயிற்று. உலகெங்கும் சானடோரியங்கள் மெல்ல மூடப்பட்டன. நோயாளிகள் தம் பிள்ளைகளைப் பிரியாமல் வீட்டிலேயே குணமடையத் தொடங்கினர்.

சௌரிமுத்துவின் காற்றும் உணவும் வீண் என்பதன்று இதன் பொருள். ஜார்க்கண்ட் மாநிலத்தில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு, காசநோயாளிகளின் குடும்பத்தினருக்கு மாதந்தோறும் கூடுதல் உணவுப் பொருள்கள் வழங்கியதால் அவர்களிடையே புதிதாகக் காசநோய் தோன்றுவது ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தது என்று காட்டியது. உணவு துணை செய்கிறது. ஆனால் மருந்தின் இடத்தை அதனால் நிரப்ப இயலாது.

7. ‘கெடுதல் இல்லை’ என்பது இன்று போதாதது ஏன்?

இப்போது தொடக்கத்தில் கண்ட கேள்விக்குத் திரும்புவோம். 1840இல் ஹோமியோபதிக்கு எதிர்நிலையில் இருந்தது குருதி வடிக்கும் கத்தி. அந்தக் கத்தியிலிருந்து காத்ததே அதன் பெருமை. இன்று எதிர்நிலையில் இருப்பது நோயைத் தீர்க்கும் மருந்து. அம்மருந்தை விலக்கி உருண்டையை உண்டால், உருண்டை கெடுதல் செய்யாமல் இருக்கலாம். உருண்டைக்காகக் காத்திருக்கும் காலம் கெடுதல் செய்கிறது.

*காசநோயில்:* மருந்து தொடங்கிய சில வாரங்களிலேயே காய்ச்சலும் இருமலும் குறையும், பசி திரும்பும். நோய் தீர்ந்துவிட்டது என்று தோன்றும். ஆனால் உறங்கும் கிருமிகள் நுரையீரலில் எஞ்சியிருக்கும். அவற்றை அழிக்கவே சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாதச் சிகிச்சை: முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்துகள். இடையில் நிறுத்தினால் நோய் திரும்பும். மருந்துக்கு அடங்காத நோயாகவும் மாறக்கூடும். நோயாளியின் இருமல் வழியே பேரக்குழந்தைக்கும் அது பரவக்கூடும்.

*ஆஸ்துமாவில்:* இந்நோய் தானே கூடும், தானே குறையும் இயல்புடையது. குறையும் வேளையில் எதை உண்டாலும் அதுவே குணப்படுத்தியது போலத் தோன்றும். ஆனால் மூச்சுக்குழல்களின் உட்சுவரில் வீக்கம் மறைந்திருக்கும். தினமும் பயன்படுத்தும் இன்ஹேலர் அவ்வீக்கத்தைத் தணிக்கிறது. அதில் உள்ள மருந்து மைக்ரோகிராம் அளவினது. ஒரு மைக்ரோகிராம் என்பது மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மருந்து வேண்டிய இடத்துக்கே நேரே செல்வதால்தான் இவ்வளவு சிறிய அளவு போதுமாகிறது. அதை நிறுத்திய குழந்தைக்கு ஒரு மழைக்கால இரவில் திடீரென்று மூச்சுத்திணறல் முற்றலாம்.

*நிமோனியாவில்:* முதியவருக்கும் கைக்குழந்தைக்கும் ஒரு நாள் தாமதமும் பெரிது.

உலக சுகாதார நிறுவனத்தின் காசநோய்த் துறை 2009இல், அந்நோய்க்கான தன் சிகிச்சை நெறிமுறைகளில் ஹோமியோபதிக்கு இடமில்லை என்று தெளிவுபடுத்தியது. ஆஸ்திரேலிய தேசிய மருத்துவ ஆராய்ச்சிக் குழு 61 நோய்நிலைகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்து, எந்நோய்க்கும் ஹோமியோபதி பயன் தருவதற்கு நம்பத்தக்க சான்று இல்லை என்று 2015இல் அறிவித்தது.

8. குடும்பத்தினர் கேட்கும் கேள்விகள்

*டாக்டர் கொடுத்த மருந்தோடு உருண்டையையும் சேர்த்துக் கொடுக்கலாமா?*

ஏற்கெனவே கொடுத்து வந்தால் மறைக்க வேண்டாம், மருத்துவரிடம் சொல்லுங்கள். யாரும் உங்களைக் கடிந்துகொள்ளப் போவதில்லை. மருத்துவர் எழுதிய மருந்தின் ஒரு வேளையைக்கூட அதற்காக நிறுத்தக் கூடாது என்பதே முதன்மையானது. பெயரும் உட்பொருளும் அச்சிடப்படாத பொட்டலத்தில் தரும் ‘ஆஸ்துமாப் பொடி’ எதுவாயினும் கொடுக்காதீர்கள். இத்தகைய பொடிகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருந்தது கண்டறியப்பட்டுள்ளது. உடனே சுகம் தருவது போலத் தோன்றும். நாளடைவில் எலும்பையும் சர்க்கரை அளவையும் கெடுக்கும். ஏற்கெனவே நெடுநாள் உண்டு வந்தவர், மருத்துவரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து.

*காசநோய் மாத்திரையால் சிறுநீர் சிவக்கிறதே, உடல் சூடேறிவிட்டதா?*

இல்லை. ரிஃபாம்பிசின் என்னும் மருந்தின் நிறம் அது, அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் கண் மஞ்சளாதல், நிற்காத வாந்தி, உணவின்மேல் வெறுப்பு, பார்வை மங்குதல் ஆகியவை கண்டால் அன்றே மருத்துவரிடம் வர வேண்டும். பக்கவிளைவுக்குத் தீர்வு உண்டு. மருந்தை மாற்றவோ அளவைச் சரிசெய்யவோ இயலும். நீங்களாக நிறுத்துவது தீர்வாகாது.

*நாங்கள் நகரத்திலிருந்து பெரும்பாக்கம் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு மாறி வந்துள்ளோம். பழைய இடத்தில் தொடங்கிய சிகிச்சை என்னாகும்?*

விட்டுப்போகாது. காசநோயாளி ஒவ்வொருவருக்கும் நிக்ஷய் பதிவு எண் உண்டு. அவ்வெண்ணுடன் அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்றால் மருந்து இங்கேயே இலவசமாகத் தொடரும். சிகிச்சைக் காலத்தில் ஊட்டச்சத்துக்காக மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் செலுத்தும் அரசுத் திட்டமும் உண்டு. ஐயங்களுக்கு 1800-11-6666 என்னும் கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம்.

*எப்போது உடனே ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்?*

ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச இயலாமல் மூச்சு வாங்குதல், உதடு நீலம் பாய்தல், குழந்தையின் விலா உள்வாங்குதல், இருமும்போது மிகுதியாக இரத்தம் வருதல், நினைவு தடுமாறுதல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் 108ஐ அழையுங்கள். வேறு எந்த மருந்தையும் கொடுத்துப் பார்த்துக் காத்திருக்க வேண்டாம்.

9. நினைவில் கொள்ள வேண்டியவை

ஹோமியோபதி நுரையீரல் நோயாளிகளைக் காத்ததாகத் தோன்றிய காலத்தில், அது அவர்களை அன்றைய கொடிய சிகிச்சையிலிருந்தே காத்தது. தானே தணியும் நோயும், தானே குறையும் ஆஸ்துமாவும் அதற்குப் பெயர் வாங்கித் தந்தன. எண்ணி ஒப்பிட்டபோது நவீன மருத்துவத்தின் டியூபர்குலினும் தோற்றது, சானடோரியமும் தன் முதலிடத்தை இழந்தது. கூட்டு மருந்து நின்றது. எண்ணிப் பார்க்க அஞ்சாத மருத்துவமே நம்பத்தக்கது.

அதே வேளையில், பழைய ஹோமியோபதி மருத்துவர் நோயாளியின் அருகே அமர்ந்து பொறுமையாகக் கேட்டாரே, அது எக்காலத்துக்கும் உரிய நல்ல மருத்துவம். அதை எங்களிடமும் எதிர்பார்க்கும் உரிமை உங்களுக்கு உண்டு. உறக்கமின்மை, பசியின்மை, செலவுக்கவலை, ‘இன்னும் எத்தனை மாதம்’ என்ற சலிப்பு என எதுவாயினும் தயங்காமல் சொல்லுங்கள். வீட்டில் நோயாளி மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கும்போது, ஒரு குவளை நீருடன் அருகே அமர்ந்து, அவர் விழுங்கும் வரை பேசிக்கொண்டிருங்கள். அந்தச் சில நிமிடங்கள் ஆறு மாதத்தையும் கடக்க உதவும்.